48 மணி நேரத்துல ஆமான்னு சொல்லணும், இது கர்த்தர் குடுக்குறதா என் ஆசையா, எப்படி தெரிஞ்சுக்க?

பாளை_மகள் | டிசம்பர் 17, ராத்திரி 10.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க நீங்கல்லாம் எழுதுறத வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் மொத தடவ எழுதுதேன், கை நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நாங்க பாளையங்கோட்டை, சிஎஸ்ஐ சபை. கல்யாணம் ஆகி பதினொரு வருஷம், பிள்ளை இல்ல. டெஸ்ட் டியூப் ரெண்டு தடவ பாத்தோம், ரெண்டும் நிக்கல. ரெண்டாவது தடவ ரிசல்ட்ட ஆஸ்பத்திரியில இருந்து போன்ல ஒத்த வார்த்தையில சொல்லிட்டு வச்சிட்டாங்க, நான் அப்ப பஸ்ல நின்னுட்டு வந்தேன், வண்ணார்பேட்டையில இறங்க வேண்டியவ ஜங்ஷன் வரைக்கும் போயிட்டேன். அதுக்கு பிறகு தான் தத்து எடுக்கலாம்னு காரா போர்ட்டல்ல, அதான் தத்துக்குன்னு இருக்குற மத்திய அரசு வெப்சைட்ல, பதிவு பண்ணுனோம். மூணு வருஷம் எட்டு மாசம் ஆச்சி.

இன்னைக்கு சாயங்காலம் அத்தையும் நானும் கிறிஸ்மஸுக்கு அச்சு முறுக்கு சுட்டுட்டு இருந்தோம். நான் அச்ச மாவுல முக்கி எண்ணெயில வைக்கேன், போன்ல மெசேஜ் வருது, மணி 5.10. ஒரு பெண் பிள்ளை, ஒண்ணே முக்கா வயசு. 48 மணி நேரத்துக்குள்ள ரிசர்வ் பண்ணணும். அச்ச எண்ணெயிலயே விட்டுட்டேன், அந்த முறுக்கு கருகிப்போச்சி. போட்டோவுல பிள்ளை மஞ்ச கவுன் போட்டு நிக்கா, கேமராவ பாக்கல, யாரோ ஒருத்தரோட விரல பிடிச்சிருக்கா, அந்த ஆளு போட்டோவுல இல்ல, விரல் மட்டும் தான் தெரியுது. அந்த விரலயே தான் நான் பாத்துட்டு இருக்கேன்.

மெடிக்கல் ரிப்போர்ட்ல இருதயத்துல சின்ன ஓட்டைன்னு போட்டிருக்கு. அத்தை கேட்டதும் "யார் ரத்தமோ, அதுவும் நெஞ்சுல ஓட்டையோட"ன்னு சொல்லிட்டு அடுப்ப அணைச்சிட்டாங்க. அவங்க கெட்டவங்க இல்ல, எனக்காக எத்தன வருஷம் உபவாசம் இருந்திருக்காங்கன்னு எனக்கு தெரியும். எங்க வீட்டுக்காரங்க "உனக்கு சம்மதம்னா எனக்கும் சம்மதம்"னு சொல்லுதாங்க, அதுக்கு மேல ஒண்ணும் பேசல.

போன ஞாயித்துக்கிழமை எங்க சபை போதகர் ஐயர் லூக்கா ஒண்ணாம் அதிகாரத்துல பிரசங்கம் பண்ணுனாவ, மரியாள் மாதிரி தேவனுக்கு ஆம்னு சொல்லுங்கன்னு. மரியாளுக்கு இயேசு பிறப்பார்னு தேவதூதன் வந்து நேர்ல சொன்னான். எனக்கு யார் சொல்லுவா? 2019 புது வருஷ ஆராதனையில எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில, அந்த வருஷத்துக்குன்னு ஆளுக்கு ஒரு பைபிள் வசனம் குடுப்பாங்கல்ல அதுல, பிள்ளைய பத்தி தான் வசனம் இருந்துச்சி, அத பிடிச்சிக்கிட்டு தான் முழு மனசா நம்பி அந்த சிகிச்சைக்கு போனேன், நம்பி தான் ஏமாந்தேன். அந்த அட்டைய பைபிள்ல இருந்து எடுத்து பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்கேன், கிழிக்க மனசு வரல. இப்ப மறுபடியும் ஆமான்னு சொல்ல பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்லவும் பயமா இருக்கு. இப்படி பயப்படுறது அவிசுவாசமா? 19ஆம் தேதி சாயங்காலம் 5.10 தான் கெடு. யாராவது சொல்லுங்க.


கொக்கிரகுளம்_நர்ஸ் | டிசம்பர் 18, காலை 5.50

தங்கச்சி, நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து வாசிச்சேன், தூங்க முடியல. ஜெபம் பிறகு, மொதல்ல ஒரு காரியம் சொல்லுதேன். அந்த மெடிக்கல் ரிப்போர்ட்ட சம்மதம் குடுக்குறதுக்கு முன்னால உங்களுக்கு நம்பிக்கையான டாக்டர்ட்ட காட்டிக்க விதியிலயே இடம் இருக்கு. இன்னைக்கே ஒரு குழந்தைகள் இருதய டாக்டர்ட்ட கொண்டு போங்க. ஓட்டை எந்த இடத்துல, எத்தன மில்லிமீட்டர், பிள்ளைக்கு எடை ஏறுதா, இந்த மூணையும் கேளுங்க. சின்ன ஓட்டைன்னா பிள்ளை வளர வளர தானா மூடிக்கிறது உண்டு, மூடலன்னா தொடை ரத்தக்குழாய் வழியா கருவி கொண்டு போய் அடைச்சிடுறதும் உண்டு, எல்லாத்துக்கும் நெஞ்ச திறக்கணும்னு இல்ல. ஆனா எல்லா ஓட்டையும் ஒண்ணு இல்ல, அதனால தான் டாக்டர் பாக்கணும்னு சொல்லுதேன், நான் சொல்லுறத வச்சி முடிவு எடுக்காதீங்க.

ரிசர்வ் பண்ணுனா உடனே கையில குடுத்துட மாட்டாங்க, நீங்க போய் பிள்ளைய பாக்கணும், கமிட்டி உக்காரும், பிறகு வளர்க்க குடுப்பாங்க, கடைசியா கலெக்டர் உத்தரவு. நடுவுல கேக்க வேண்டியத கேக்க நேரம் இருக்கு. ரிப்போர்ட்ட டாக்டர்ட்ட காட்டுறது கர்த்தர நம்பாம இல்ல. வார்டுல எத்தனையோ அம்மாமார பாத்துட்டேன், ஸ்கேன் பேப்பர ஒரு கையிலயும் பைபிள ஒரு கையிலயும் வச்சிட்டு தான் உக்காந்திருப்பாங்க.


வடக்கன்குளம்_வாத்தியார் | டிசம்பர் 18, காலை 8.30

மகளே, நாங்க ஆர்.சி. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். இப்ப தான் காலைப் பூசை முடிஞ்சி வந்தேன், இன்னைக்கு வாசகம் சூசையப்பர பத்தினது, நீங்க யோசேப்புன்னு சொல்லுவீங்க, மரியாவோட கணவர். எங்க சபையில டிசம்பர் 17ல இருந்து, ஞாயித்துக்கிழமை வந்தா தவிர, வருசா வருசம் வாசகம் மாறாது, 17 அன்னைக்கு வம்ச வரலாறு, 18 சூசையப்பர், 19 சக்கரியா, 20 மரியா. நீ எழுதுன நாள் கணக்க பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துட்டு. உன் 48 மணி நேரமும் இந்த வாசகங்களுக்கு நடுவுல தான் ஓடுது.

பயப்படுறது அவிசுவாசமான்னு கேட்ட. மரியாவும் கேள்வி கேட்டுட்டு தான் சம்மதிச்சாங்க. இது எப்படி ஆகும்னு கேட்டாங்க, தூதர் கோவப்படல, பதில் சொன்னார். வயசான காலத்துல உனக்கு பிள்ளை பிறக்கும்னு தூதர் சொன்னப்ப சக்கரியா கேட்டது வேற மாதிரி, இத எத வச்சி நம்புறதுன்னு அத்தாட்சி கேட்டார், அவருக்கு வாய் அடைச்சிப் போச்சி. ஆனா ஒண்ண கவனி மகளே, அவர் நம்பாததுனால பிள்ளை பிறக்காம போகல. பேர் வைக்கிற அன்னைக்கு பலகையில யோவான்னு எழுதுனார், நாவு திறந்துச்சி. கடவுள் குடுக்க நினைச்சத நம்ம சந்தேகம் தடுத்துடும்னா இந்த உலகத்துல யாருக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காது.

இன்னொண்ணு, அந்த பகுதி எப்படி முடியுதுன்னு உன் பைபிள்ல எடுத்துப் பாரு. உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவதுன்னு சொன்ன அதே வசனத்துலயே தேவதூதன் அவளிடத்திலிருந்து போயிட்டான்னு இருக்கும். நாப்பது வருஷமா மூவேளை செபம் சொல்லுதேன், மரியா சொன்ன அந்த வார்த்தை அதுலயும் வரும், காலையில மத்தியானம் சாயங்காலம் மணி அடிச்சா வாய் தானா சொல்லும், ஆனா என் மனைவி படுத்த படுக்கையா இருந்த வருஷத்துல தான் அந்த போயிட்டான்ங்கிற வார்த்தை என் கண்ணுல பட்டுச்சி. தூதர் போயிட்டார். அதுக்கு பிறகு சூசையப்பர்ட்ட சொல்ல வேண்டியிருந்தது, ஊர்வாய கேக்க வேண்டியிருந்தது, பெத்லகேமுக்கு நிறைமாசமா போக வேண்டியிருந்தது, எகிப்துக்கு ராத்திரியோட ராத்திரியா ஓட வேண்டியிருந்தது, அது எல்லாத்துக்கும் மரியாவுக்கு தூதர் வந்ததா லூக்காவும் எழுதல மத்தேயுவும் எழுதல. மரியாவுக்கு தூதர் வந்தார், உனக்கு இல்லன்னு நினைச்சி ஏங்காத. அவங்களும் மிச்ச நாளெல்லாம் உன்ன மாதிரி தூதர் இல்லாம தான் நடந்தாங்க.

ரத்தம்னு உங்க அத்தை சொன்னதுக்கு நேத்து வாசகத்துலயே பதில் இருக்கு. ஆபிரகாம்ல ஆரம்பிச்சி தாவீது வழியா வர்ற அந்த வம்ச வரலாறு யார்ட்ட வந்து நிக்குது? சூசையப்பர்ட்ட. இயேசு தாவீதின் மகன்னு நம்ம சொல்லுறோமே, மத்தேயு கணக்குப்படி அது ரத்தத்துல வந்தது இல்ல, சூசையப்பர் அந்த பிள்ளைய எடுத்து பேர் வச்சதுனால வந்தது. பேர் வைக்கிறது தான் அந்த காலத்து தகப்பன் உரிமை. நாலு சுவிசேஷத்துலயும் அவர் பேசுன ஒரு வார்த்தை கூட கிடையாது. எழுந்தார், செஞ்சார், அவ்வளவு தான்.

உனக்கு ஒரு எலிசபெத்து வேணும். தூதர் போனதும் மரியா தனியா உக்காரல, சொந்தக்காரி எலிசபெத்து வீட்டுக்கு, மலைநாட்டுக்கு ஓடுனாங்க, மூணு மாசம் அங்க தான் இருந்தாங்க. தத்து எடுத்த ஒரு அம்மாவ தேடிப் போய் பேசு. போன்ல வேண்டாம், நேர்ல போ.


தேரிமணல் | டிசம்பர் 18, காலை 11.15

வாத்தியார் ஐயா சொன்னது மனச தொட்டுச்சி, ஆனா நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லணும், அக்கா கோவிச்சுக்காதீங்க.

நான் உடன்குடி பக்கம். எங்க அப்பா சொந்தக்காரர் ஒருத்தருக்கு கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாங்க, கர்த்தர் சொன்னார்னு சொல்லி போட்டாங்க, அம்மா வேண்டாம்னு அழுதும் கேக்கல. எங்க பனந்தோப்பு விளை போச்சி, நாப்பத்தியொரு பனை, எண்ணிக்கை எனக்கு இன்னும் மனப்பாடம். அதுல இருந்து யாராவது கர்த்தர் சொன்னார்னு சொன்னா எனக்கு அடிவயிறு கலங்கும். அதனால சொல்லுதேன், உங்க ஆசைக்கு கர்த்தர் பேர வைக்காதீங்க. ஆசைன்னே சொல்லுங்க. எனக்கு இந்த பிள்ளை வேணும் ஆண்டவரேன்னு அவர்ட்டயே சொல்லுங்க, அதுல என்ன தப்பு, பைபிள்ல அன்னாள் பிள்ளை கேட்டு அப்படித்தான அழுதா.

அடுத்தது உங்க வீட்டுக்காரங்க. உனக்கு சம்மதம்னா எனக்கும் சம்மதம்ங்கிறது சம்மதம் இல்லக்கா. அது ஒதுங்கி நிக்கிறது. மரியாள் சொன்ன ஆம் யோசேப்புக்கும் சேத்து சொன்னது இல்ல, அவர் தனியா யோசிச்சார், மரியாள ரகசியமா தள்ளிவிட மனசா கூட இருந்தார், பிறகு தான் அவர் ஆம்னு எழுந்தார். அண்ணன் மனசுல என்ன இருக்குன்னு இன்னைக்கு ராத்திரிக்குள்ள கேட்டுடுங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா அத கேக்குற தைரியமும் உங்களுக்கு வேணும். வேண்டாம்னு சொல்லிட்டா கர்த்தர் கைவிட்டுடுவார்னு பயந்து மட்டும் ஆமான்னு சொல்லிடாதீங்க, பயத்துல எடுத்த பிள்ளைக்கு அந்த பயம் ஒரு நாள் தெரிஞ்சிடும்.


களக்காடு_அக்கா | டிசம்பர் 18, மத்தியானம் 2.05

தேரிமணல் தம்பி, உங்க அப்பா கதை வருத்தமா இருக்கு, நீங்க சொன்னதுல பாதிக்கு மேல சரி. ஆனா கர்த்தர் நம்ம ஆசைக்குள்ள கூட வருவார், நம்ம ஆசைக்கு எதிராவும் வருவார், அதுக்கு எங்க ஊர் பக்கத்துலயே ஒரு சாட்சி இருக்கு. எமி கார்மைக்கேல் அம்மா. எங்க ஆச்சி சின்ன பிள்ளையில டோனாவூர்ல வேல பாத்தவ, அவ சொல்லி கேட்டுருக்கேன். அந்த அம்மா அயர்லாந்துல இருந்து வந்தது ஊர் ஊரா மாட்டு வண்டியில போய் சுவிசேஷம் சொல்ல. பிள்ளை வளர்க்க இல்ல. 1901 மார்ச் மாசம் பண்ணைவிளையில இருக்கும்போது பெருங்குளத்துல இருந்து ஒரு ஏழு வயசு பெண் பிள்ளை, கோயிலுக்கு தேவதாசியா விட வச்சிருந்த வீட்டுல இருந்து தப்பிச்சி ஓடி வந்து மடியில ஏறி உக்காந்துட்டு. அவ்வளவு தான் நடந்தது. அந்த ஒரு பிள்ளைக்கு சரின்னதுல ஆரம்பிச்சி நூத்துக்கணக்குல பிள்ளைங்க, ஊர் சுத்துற ஊழியம் நின்னு போச்சி, அதுக்கு பதிலா ராத்திரி முழுக்க பால் கலக்குற ஊழியம். 1931ல விழுந்து அடிபட்டு இருபது வருஷம் கட்டில்லயே கிடந்தாங்க, 1951ல இறந்தாங்க, ஒரு தடவ கூட சொந்த ஊருக்கு திரும்பல. கல்லறைக்கு மேல கல் வேண்டாம்னுட்டாங்க, அதனால பறவை தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி தான் அங்க இருக்கு. நான் போகும்போதெல்லாம் அதுல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு தான் வருவேன்.

தங்கச்சி, நீ 2019ல ஆம்னு சொன்னது வீணா போச்சின்னு நினைக்க. அன்னைக்கு நீ எதுக்கு ஆம் சொன்ன? உன் வயித்துல ஒரு பிள்ளைக்கு. இப்ப வந்திருக்கிறது வேற பிள்ளை. அந்த அட்டைக்கு இது தான் அர்த்தம்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த அதிகாரம் இல்ல, நீயும் அவசரப்பட்டு அப்படி முடிச்சி போடாத. அந்த துக்கம் தனி, அதுக்கு தனியா அழுதுக்கோ. இந்த பிள்ளைய அந்த பிள்ளைக்கு மாத்தா ஆக்கிடாத.

அத்தைக்கு ஒண்ணு வாசிச்சி காட்டு. கலாத்தியர் நாலாம் அதிகாரம் நாலு அஞ்சாம் வசனம், கிறிஸ்மஸுக்கு வாசிக்கிறது தான். காலம் நிறைவேறினபோது தேவன் தம்முடைய குமாரனை அனுப்புனார்னு வரும், எதுக்குன்னா நாம புத்திரசுவிகாரத்த அடையும்படி. சுவிகாரம்னா என்ன? தத்து தான். எங்க ஆச்சி காலத்துல சுவிகாரம் எடுத்திருக்காவன்னு தான் பேசுவாவ. நம்ம பைபிள்ல அந்த வார்த்தை இத்தன வருஷமா இருக்கு, நம்ம தான் பெரிய இறையியல் வார்த்தைன்னு நினைச்சி தாண்டிப் போயிடுதோம். நீயும் நானும் உங்க அத்தையும் அந்த வீட்டுக்குள்ள அப்படித்தான் வந்தோம். யார் ரத்தம்னு அவர் கேக்கல.


பாளை_மகள் | டிசம்பர் 18, ராத்திரி 11.30

எல்லாரும் எழுதுனத நாலு தடவ வாசிச்சிட்டேன். நர்ஸ் அக்கா சொன்னபடி ரிப்போர்ட்ட டாக்டர்ட்ட காட்டுனோம், ஓட்டை சின்னது, எடை வயசுக்கு சரியா இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எக்கோ பாக்கணும்னு சொன்னாங்க, மூடும்னு உறுதியா சொல்ல முடியாதுன்னும் சொன்னாங்க.

தேரிமணல் தம்பி, நீங்க சொன்னத கேட்டு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் புறவாசல் படியில உக்காந்து எங்க வீட்டுக்காரங்கட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. பக்கத்து தெருவுல கேரல்ஸ் பாடிட்டு இருந்தாங்க, டிரம் சத்தம் நின்ன பிறகு தான் வாய திறந்தாங்க. "ரெண்டாவது தடவ நிக்கலன்னு நீ போன் பண்ணுனப்ப நான் ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன், உன்ட்ட சொல்லல. இந்த பிள்ளை வந்து அதுக்கு ஏதாவது ஆயிட்டா நான் தாங்குவேனான்னு தெரியல"ன்னு சொன்னாங்க. அஞ்சு வருஷத்துல மொத தடவ இத சொல்லுதாங்க. நான் ஒண்ணும் சொல்லல, கைய பிடிச்சிக்கிட்டேன். இன்னும் முடிவு சொல்லல. ஆனா நேத்து மாதிரி தனியா இல்ல.


ஏரல்_பையன் | டிசம்பர் 19, காலை 6.20

அக்கா நான் தத்து பிள்ளை. 26 வயசு. எனக்கு பெருசா எழுத வராது.

பதிமூணு வயசுல ஒரு நாள் சண்டையில நீ ஒண்ணும் என் அம்மா இல்லன்னு சொல்லிட்டேன். அம்மா போய் எனக்கு மறுநாள் ஸ்கூல் சட்டைய அயர்ன் பண்ணுனா. வேற எதுவும் சொல்லல. அப்ப எனக்கு புரியல. ஒரு தடவ ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சி போற விஷயம் இல்லக்கா இது, அன்னைக்கு சாயங்காலம் அம்மா திரும்ப சொல்ல வேண்டியிருந்தது, சட்டைய அயர்ன் பண்ணி சொன்னா.

2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளம் உங்களுக்கு தெரியும், அன்னைக்கு காயல்பட்டினத்துல மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. எங்க ஏரல்ல ஆத்து தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு. வீட்டுக்குள்ள இடுப்பு வரைக்கும் ஏறிட்டு, அம்மாவுக்கு முட்டு வலி, நான் முதுகுல தூக்கிட்டு தான் எதிர்வீட்டு மாடிக்கு போனேன். ரெண்டு ராத்திரி கரண்ட் இல்ல போன் இல்ல, மாடியில பதினாறு பேர். அம்மா நெஞ்சோட ஒரு பிளாஸ்டிக் கவர அமுக்கி பிடிச்சிட்டே இருந்தா, நான் வீட்டு பத்திரம்னு நினைச்சேன். விடிஞ்ச பிறகு பாத்தா என் தத்து உத்தரவு, அது ஒண்ணு தான். பத்திரம், பாஸ்புக், என் டிகிரி சர்டிபிகேட் எல்லாம் பீரோவோட சேத்துல போச்சி. ஏம்மா இதன்னு கேட்டேன், தண்ணி வரும்போது கை அதத்தான்டே எடுத்துச்சின்னா.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு கோயில் பெஞ்செல்லாம் வெளிய காய போட்டுருந்தாங்க, தரையில சாக்கு விரிச்சி உக்காந்தோம். என் வாழ்க்கையில நல்ல கிறிஸ்மஸ் அது தான்.

பிள்ளை போட்டோவுல விரல பிடிச்சிருக்கான்னு எழுதுனீங்கல்ல. நானும் அப்படி ஒரு போட்டோ வச்சிருக்கேன். அந்த விரல் ஒரு ஆயாவோடது, பேர் தெரியாது. பிள்ளைய கூட்டிட்டு வரப் போகும்போது அந்த விரல் யாரோடதுன்னு கேட்டு வச்சிக்கோங்கக்கா, வளந்த பிறகு அவ கேப்பா.


தேரிமணல் | டிசம்பர் 19, காலை 9.00

தம்பி ஏரல், உங்க அம்மாவ நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.


பாளை_மகள் | டிசம்பர் 19, சாயங்காலம் 4.45

மூணு மணிக்கு ரிசர்வ் பண்ணிட்டோம். எங்க வீட்டுக்காரங்க தான் பட்டன அமுக்குனாங்க, நான் சொல்லல, லஞ்சுக்கு வந்தவங்க ஆபீஸுக்கு திரும்ப போகாம நாற்காலிய இழுத்து போட்டு உக்காந்து, ஜெபம் பண்ணுவோமான்னு கேட்டாங்க. எனக்கு ஜெபத்துல வார்த்தை வரல. ஆகக்கடவதுன்னு மட்டும் தான் சொல்ல முடிஞ்சிச்சி, அதுவும் பாதி சத்தத்துல. பயம் போகல, இப்ப எழுதும்போதும் இருக்கு. வாத்தியார் ஐயா, நாளைக்கு உங்க பூசையில மரியாள் வாசகம் வரும்போது எங்கள நினைச்சிக்கோங்க. ஏரல் தம்பி, விரல பத்தி கண்டிப்பா கேப்பேன். அந்த அட்டை பீரோவுலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்க்கா.

அத்தைக்கு நேத்தே களக்காடு அக்கா சொன்ன வசனத்த வாசிச்சி காட்டுனேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு பைபிள வாங்கி அவங்களே ஒரு தடவ வாசிச்சாங்க, ஒண்ணும் சொல்லாம மூடி வச்சிட்டாங்க. இன்னைக்கு ரிசர்வ் பண்ணுனதுக்கும் ஒண்ணும் சொல்லல. இப்ப கொஞ்சம் முன்னால மறுபடியும் எண்ணெய் சட்டிய அடுப்புல வச்சி மிச்ச மாவுல முறுக்கு போட்டுட்டு இருந்தாங்க, நான் போய் பக்கத்துல நின்னேன். என் முகத்த பாக்காமலே, "ஒண்ணே முக்கா வயசுன்னா கடவாப்பல்லு வந்திருக்குமாட்டீ, இல்ல பால்ல ஊற வச்சி தான் குடுக்கணுமா"ன்னு கேட்டாங்க.